சி.ஓ, பி.ஓ, பி.இ.ஓ: நம்ம சி.எஸ்.இ டிபார்ட்மென்ட் நமக்கு என்ன வாக்கு கொடுத்திருக்கு?



சி.எஸ்.இ டிபார்ட்மென்ட்டுக்குள்ள நுழைஞ்சதும், எச்.ஓ.டி ரூம் பக்கத்துலயோ நோட்டீஸ் போர்டுக்கு மேலயோ ஒரு பெரிய ஃப்ரேம் மாட்டியிருப்பாங்க. விஷன், மிஷன், பி.இ.ஓ, பி.ஓ, பி.எஸ்.ஓ என்று வரிசையாக எழுதியிருக்கும். லேப் ரெக்கார்டோட முதல் பக்கங்கள்லயும் அதே வரிகள்தான். இன்டர்னல் கொஸ்டின் பேப்பர்ல ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்துல சி.ஓ2, கே3 என்று குட்டியாக ஏதோ போட்டிருக்கும்.

"அதெல்லாம் இன்ஸ்பெக்‌ஷன் டீமுக்குக் காட்டுறதுக்குடா" என்று சீனியர் யாராவது சொல்லியிருப்பாங்க. நாமளும் அதோட விட்டிருப்போம். ஆனா அந்த வரிகள் நம்மைப் பற்றியவை. இந்த டிகிரி முடிக்கும்போது நமக்கு என்னென்ன செய்யத் தெரிஞ்சிருக்கணும் என்று டிபார்ட்மென்ட் எழுத்துல கொடுத்த வாக்கு அது. அது எங்கிருந்து வந்தது, நிறைவேறுச்சா இல்லையா என்று எப்படிக் கணக்குப் போடுறாங்க, அந்தக் கணக்குல நம்ம கை எங்க இருக்கு என்பதைத்தான் இந்தக் கட்டுரையில பார்க்கப் போறோம்.

முதல்ல எழுத்துகளைப் பிரிப்போம்

இந்தச் சுருக்கப் பெயர்களைக் காலத்தை வைத்துப் புரிஞ்சுக்கிட்டா குழப்பமே வராது.

சி.ஓ என்றால் கோர்ஸ் அவுட்கம். ஒரு பேப்பர் முடியும்போது, அதாவது ஒரு செமஸ்டர் முடிவுல, உங்களால என்ன செய்ய முடியணும் என்பது. பெரும்பாலும் ஒரு பேப்பருக்கு ஐந்து அல்லது ஆறு இருக்கும்.

பி.ஓ என்றால் ப்ரோக்ராம் அவுட்கம். இங்கே ப்ரோக்ராம் என்பது நாம எழுதுற கோட் இல்லை, பி.இ. சி.எஸ்.இ என்கிற முழுப் படிப்பு. நான்கு வருஷம் முடிஞ்சு வெளியே போகும்போது உங்ககிட்ட இருக்க வேண்டிய திறன்கள். இது மெக்கானிக்கல், சிவில், இ.சி.இ என்று எல்லா இன்ஜினியரிங் பிரிவுக்கும் ஒன்றேதான்.

பி.எஸ்.ஓ, ப்ரோக்ராம் ஸ்பெசிஃபிக் அவுட்கம். அந்தப் பிரிவுக்கே உரிய திறன்கள். சி.எஸ்.இ படிச்சவருக்கு மட்டும் தெரிஞ்சிருக்க வேண்டியது என்ன என்று டிபார்ட்மென்ட் தானே எழுதுற இரண்டு மூன்று வரிகள்.

பி.இ.ஓ, ப்ரோக்ராம் எஜுகேஷனல் ஆப்ஜெக்டிவ். டிகிரி முடிச்சு மூணு முதல் ஐந்து வருஷத்துல நீங்க எந்த நிலையில இருப்பீங்க என்கிற எதிர்பார்ப்பு. வேலையோ, மேற்படிப்போ, சொந்தத் தொழிலோ, எதுவாகவும் இருக்கலாம்.

விஷனும் மிஷனும் இதுக்கெல்லாம் மேலே. டிபார்ட்மென்ட் எங்கே போய்ச் சேர விரும்புது, அதுக்கு என்ன வழி என்பது.

சுருக்கமா, சி.ஓ ஒரு செமஸ்டருக்கு, பி.ஓ நான்கு வருஷத்துக்கு, பி.இ.ஓ அதற்கு அப்புறம். கீழே இருக்கிறது சரியா நடந்தாத்தான் மேலே இருக்கிறது நடக்கும்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது?

முன்னாடி ஒரு இன்ஜினியரிங் காலேஜ் நல்லதா என்று பார்க்க, உள்ளே என்ன இருக்கு என்றுதான் எண்ணுவாங்க. எத்தனை லேப், எத்தனை கம்ப்யூட்டர், லைப்ரரியில எத்தனை புத்தகம், எத்தனை ஆசிரியர்கள். இதெல்லாம் தேவைதான். ஆனா நூறு சிஸ்டம் இருக்கிற லேப்பிலிருந்து, ஒரு லூப் எழுதத் தெரியாம ஒருத்தர் பட்டம் வாங்கிட்டுப் போக முடியும். அதனால "என்ன கொடுத்தோம்" என்பதோட சேர்த்து "படிச்சவரால என்ன செய்ய முடியுது" என்றும் கேட்கணும் என்ற கருத்து வலுப்பெற்றது. இதுக்குப் பேர்தான் அவுட்கம் பேஸ்டு எஜுகேஷன், ஓ.பி.இ.

இதுல வாஷிங்டன் அக்கார்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1989-ல அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஆறு நாடுகளின் அங்கீகார அமைப்புகள் சேர்ந்து, ஒருத்தர் அங்கீகரிச்ச இன்ஜினியரிங் படிப்பை மற்றவர் தன் நாட்டுப் படிப்புக்குச் சமமா ஏத்துக்கலாம் என்று ஒப்பந்தம் போட்டாங்க. அப்படி ஏத்துக்கணும்னா எல்லாருக்கும் பொதுவான ஒரு அளவுகோல் வேணும். பட்டதாரிக்கு இருக்க வேண்டிய பண்புகள் என்ற பட்டியல்தான் அந்த அளவுகோல். நம்ம பி.ஓ பட்டியல் அதை ஒட்டி வந்தது.

இந்தியாவுல இந்த வேலையைச் செய்றது என்.பி.ஏ, நேஷனல் போர்டு ஆஃப் அக்ரெடிடேஷன். 1994-ல ஏ.ஐ.சி.டி.இ-க்குக் கீழே தொடங்கி, 2010-ல தனி அமைப்பாச்சு. 2014 ஜூன்ல இந்தியா வாஷிங்டன் அக்கார்டுல நிரந்தர உறுப்பினரானது.

இங்கே பலருக்கும் வர்ற இரண்டு குழப்பங்களைத் தீர்த்துக்கலாம். ஒன்று, நாக் அங்கீகாரம் காலேஜுக்கு, என்.பி.ஏ அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. ஒரே காலேஜ்ல இ.சி.இ-க்கு இருக்கலாம், சி.எஸ்.இ-க்கு இல்லாம இருக்கலாம். இரண்டு, என்.பி.ஏ-ல டியர் 1, டியர் 2 என்று இரண்டு வகை உண்டு. தன்னாட்சிக் கல்லூரிகளும் பல்கலைக்கழகத் துறைகளும் டியர் 1-ல வரும், அஃபிலியேட்டட் கல்லூரிகள் டியர் 2-ல வரும். வாஷிங்டன் அக்கார்டோட பலன் டியர் 1-ல அங்கீகாரம் வாங்கின படிப்புகளுக்குத்தான். வெளிநாட்டுல போய் தொழில்முறை இன்ஜினியராகப் பதிவு பண்ண நினைக்கிறவங்க இதைக் கவனிச்சு வைக்கணும். அதுக்காக அந்த அங்கீகாரம் இருந்தாலே விசாவும் வேலையும் கிடைச்சுடும் என்று யாராவது சொன்னா நம்பிடாதீங்க.

சி.எஸ்.இ-க்கு இது ஏன் இன்னும் முக்கியம்?

மற்ற துறைகளை விட நம்ம துறையில கருவிகள் வேகமா பழசாகும். உலக அளவுல கம்ப்யூட்டர் சயன்ஸ் படிப்புல என்ன இருக்கணும் என்று ஏ.சி.எம் அமைப்பு 1968-ல ஒரு பாடத்திட்டப் பரிந்துரை வெளியிட்டுச்சு. அதுக்கப்புறம் 1978, 1991, 2001, 2013, 2023 என்று திரும்பத் திரும்பத் திருத்தி எழுத வேண்டி வந்தது. 1968-ல மாணவர்கள் பஞ்ச் கார்டுல ப்ரோக்ராம் கொடுத்துட்டு விடைக்காகக் காத்திருந்தாங்க. இன்னைக்கு ஏ.ஐ டூல்கிட்ட கேட்டா நொடியில கோட் வந்து நிக்குது.

இப்போ பி.ஓ பட்டியலை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. அதுல ஜாவா, பைத்தான் என்று ஒரு மொழியின் பேர்கூட இருக்காது. "ப்ராப்ளத்தைப் பகுத்துப் பார்த்தல்", "தீர்வை வடிவமைத்தல்", "வாழ்நாள் முழுக்கக் கற்றல்" என்றுதான் இருக்கும். படிக்கும்போது சப்பென்று இருக்கலாம். ஆனா முதல் வருஷம் கத்துக்கிட்ட டூல் கடைசி வருஷத்துல பழசாகிடும் என்று தெரிஞ்சே எழுதின வரிகள் அவை. டூல் போனாலும் கூட வரப்போறது எது என்று கேட்டு எழுதினது.

பன்னிரண்டு வரிகள், நம்ம பாஷையில

பல வருஷமா என்.பி.ஏ-வோட பி.ஓ பட்டியல்ல 12 இருந்தது. புது வடிவத்துல சமூகம், சுற்றுச்சூழல் பற்றிய இரண்டும் ஒன்றாகி 11 ஆயிடுச்சு. உங்க ரெக்கார்டுல 12 இருந்தா அது பழைய பட்டியல். எல்லாத்தையும் இங்கே சொல்லப் போறதில்லை. சி.எஸ்.இ-ல அவை எப்படி இருக்கும் என்று சிலதை மட்டும் பார்ப்போம்.

*ப்ராப்ளம் அனாலிசிஸ்:* ஆயிரம் ரெக்கார்டுக்கு நல்லா ஓடுற உங்க கோட், ஒரு கோடி ரெக்கார்டு வந்தா ஏன் நின்னு போகுது என்று ஓட்டிப் பார்க்காமலே சொல்ல முடியுறது.

*மாடர்ன் டூல் யூசேஜ்:* கிட், டீபகர் எல்லாம் பயன்படுத்துறது. அதோட ஏ.ஐ டூல் கொடுத்த கோட்ல தப்பு எங்கே இருக்கு என்று கண்டுபிடிக்கவும் தெரியணும். டூலோட எல்லை தெரிஞ்சு பயன்படுத்தணும் என்பதும் அந்த வரியிலேயே இருக்கு.

*எதிக்ஸ்:* நீங்க செய்த ஆப் யூசரோட காண்டாக்ட் லிஸ்ட்டைத் தேவையே இல்லாம கேட்டா, "எதுக்கு?" என்று டீம்ல கேட்கிற ஆளா நீங்க இருக்கிறது.

*டீம் வொர்க்:* இதை விளக்கவே வேண்டாம். நாலு பேர் மினி ப்ராஜெக்ட்ல ஒருத்தர் கோட் எழுத, ஒருத்தர் பி.பி.டி போட, மீதி இரண்டு பேர் ரிவ்யூ அன்னைக்கு ஃபார்மல்ஸ் போட்டுட்டு வந்து நிக்கிறோமே, அது இல்லை.

*கம்யூனிகேஷன்:* நீங்க எழுதின கோடை ஆறு மாசம் கழிச்சு இன்னொருத்தர் திறந்தா, உங்களுக்குப் போன் பண்ணாம புரிஞ்சுக்கிறது. நல்லா இங்கிலீஷ் பேசுறது மட்டும் கம்யூனிகேஷன் ஆகாது.

கே1 முதல் கே6 வரை

கொஸ்டின் பேப்பர்ல வர்ற அந்தக் கே எழுத்து ப்ளூம்ஸ் டாக்ஸானமியிலிருந்து வந்தது. பெஞ்சமின் ப்ளூம் தலைமையில ஒரு குழு 1956-ல வெளியிட்டது, 2001-ல திருத்தப்பட்டது. நினைவில் வைத்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், புதிதாக உருவாக்குதல் என்று ஆறு படிகள். இவைதான் கே1 முதல் கே6.

ஒரு சி.ஓ-வைப் படிக்கும்போது அதுல இருக்கிற வினைச்சொல்லைப் பாருங்க. "ஸ்டாக் என்றால் என்ன என்று சொல்லுதல்" என்பது கே1. "கொடுக்கப்பட்ட ப்ராப்ளத்துக்கு ஸ்டாக்கைப் பயன்படுத்தித் தீர்வு எழுதுதல்" என்பது கே3. அந்த வினைச்சொல்தான் வாக்கு. "பயன்படுத்துதல்" என்று எழுதிட்டு, வருஷா வருஷம் ஒரே எக்ஸாம்பிளை மனப்பாடம் பண்ணி எழுத வைச்சா, பக்கத்துல கே3 என்று போட்டிருந்தாலும் அது கே1 கேள்விதான். கொஸ்டின் பேங்க்ல இருந்த அதே கணக்கு, அதே எண்களோட எக்ஸாமுக்கு வரும்போது நமக்குச் சந்தோஷமாத்தான் இருக்கும். அந்தச் சந்தோஷத்தோட விலையை முதல் டெக்னிக்கல் இன்டர்வியூவுல கட்டுவோம்.

கணக்கு எப்படிப் போடுறாங்க?

கட்டுரையோட முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். ஒரு சி.ஓ நிறைவேறுச்சா என்று பார்க்கிற கணக்குக்கு அட்டெய்ன்மென்ட் என்று பேர். காலேஜுக்குக் காலேஜ் எண்கள் மாறும். கீழே இருக்கிறது புரியறதுக்காக எடுத்துக்கிட்ட ஒரு மாதிரிக் கணக்கு.

பேப்பர்: டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ். சி.ஓ: "ஒரு நடைமுறைப் ப்ராப்ளத்தை கிராஃபாக மாற்றி, பொருத்தமான அல்காரிதத்தைப் பயன்படுத்துதல்." வகுப்புல 60 பேர். எக்ஸாம்ல இந்த சி.ஓ-வுக்கான கேள்விகள் 20 மார்க்குக்கு. அதுல 12 மார்க் எடுத்தா இலக்கைத் தொட்டாச்சு என்று வைச்சுக்கலாம். வகுப்புல 50 சதவீதம் பேர் தொட்டா லெவல் 1, 60 சதவீதம் தொட்டா லெவல் 2, 70 சதவீதம் தொட்டா லெவல் 3.

60 பேர்ல 38 பேர் 12 மார்க்குக்கு மேல. 63 சதவீதம் வருது. அதனால லெவல் 2. இது நேரடி அளவு, மொத்தக் கணக்குல இதுக்கு 80 சதவீத எடை.

மீதி 20 சதவீதம் மறைமுக அளவு. அதாவது செமஸ்டர் முடிவுல நாம நிரப்புற கோர்ஸ் எண்ட் சர்வே! "இந்த சி.ஓ உங்களுக்கு எந்த அளவுக்கு வந்தது?" என்று 1 முதல் 5 வரை கேட்கிற அந்த கூகுள் ஃபார்ம்தான். அதுல வர்ற சராசரியை மூணுக்கு மாத்திக்குவாங்க.

எல்லாரும் வழக்கம்போல படிக்காமலே 5 போடுறோம் என்று வைச்சுக்கலாம். சராசரி 5, மூணுக்கு மாத்தினா 3.
கணக்கு: (2 × 0.8) + (3 × 0.2) = 2.2.

இப்போ உண்மையைச் சொல்றோம் என்று வைச்சுக்கலாம். "டைக்ஸ்ட்ரா அல்காரிதத்தை அப்படியே எழுதினேன், மார்க் வந்துடுச்சு. ஆனா பஸ் ரூட் ப்ராப்ளம் ஒன்று கொடுத்தா அதை கிராஃபா மாத்தத் தெரியலை." வகுப்போட சராசரி 2.5, மூணுக்கு மாத்தினா 1.5.
கணக்கு: (2 × 0.8) + (1.5 × 0.2) = 1.9.

டிபார்ட்மென்ட் வைச்சிருந்த இலக்கு 2.0 என்று வைச்சுக்குங்க. முதல் கணக்குல 2.2, இலக்கைத் தாண்டியாச்சு. யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. இரண்டாவதுல 1.9, இலக்குக்குக் கீழே. இப்போ ஏன் குறைஞ்சது, அடுத்த பேட்ச்சுக்கு என்ன மாத்தப் போறோம் என்று ஆசிரியர் எழுதியாகணும். கூடுதல் டியூட்டோரியல், ஒரு லேப் எக்சர்சைஸ், வேற மாதிரி கேள்விகள் என்று ஏதாவது ஒன்று வந்தாகணும்.

இரண்டு கணக்குலயும் எக்ஸாம் மார்க் ஒன்றுதான். மாறினது சர்வே மட்டும். மனப்பாடம் பண்ணி எடுத்த மார்க்குக்கும் புரிஞ்சு எடுத்த மார்க்குக்கும் இருக்கிற வித்தியாசம் எக்ஸல் ஷீட்டுக்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நீங்க. பத்து செகண்ட்ல எல்லாத்துக்கும் 5 போட்டு சப்மிட் பண்ணும்போது, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, எதையும் மாத்தாதீங்க" என்று நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம்.

இந்த எண் இதோட நிக்காது. அண்ணா யுனிவர்சிட்டி ரெகுலேஷன் 2021 சிலபஸ்ல ஒவ்வொரு பேப்பர் முடிவுலயும் ஒரு அட்டவணை இருக்கும். இடதுபக்கம் சி.ஓ, மேலே பி.ஓ, கட்டங்கள்ல 1, 2, 3 அல்லது ஒரு கோடு. 1 என்றால் குறைந்த தொடர்பு, 3 என்றால் அதிகத் தொடர்பு, கோடு என்றால் தொடர்பு இல்லை. அந்த எண்களின் வழியா ஒவ்வொரு சி.ஓ மதிப்பும் பி.ஓ-வுக்குள்ள போய்ச் சேருது. கீழே பொய் ஏறினா மேலே இருக்கிற மொத்தக் கணக்கும் பொய்தான்.

எங்கே ஓட்டை விழுது?

பழி முழுக்க நம்ம மேல மட்டும் இல்லை. ஆசிரியர்கள் பக்கமும் பாருங்க. ஒவ்வொரு இன்டர்னலுக்கும் கேள்வி வாரியா மார்க்கைப் பிரிச்சு ஷீட்ல ஏத்தணும். அந்த வேலையே பெருசா இருக்கிறதால, வந்த எண் என்ன சொல்லுது என்று உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடைக்கிறதில்லை. எண் வந்தாச்சு, ஃபைல் மூடியாச்சு. வாக்கு நிறைவேறுச்சா என்று பார்க்க வந்த ஏற்பாடு, ஃபைலை நிறைவேற்றுறதோட முடிஞ்சுடுது.

நம்ம பக்கத்துல விழற பெரிய ஓட்டை ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். டீம் வொர்க், டிசைன், ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட், எதிக்ஸ், கம்யூனிகேஷன் என்று எக்ஸாம் ஹால்ல அளக்க முடியாத பி.ஓ-க்களை நிஜமா அளக்கக்கூடிய ஒரே இடம் அது. அதைப் பணம் கொடுத்து ரெடிமேடா வாங்கி, டைட்டிலை மாத்தி வைச்சா, நான்கு வருஷத்துல நம்மை முழுசா சோதிச்சுப் பார்க்கக் கிடைச்ச ஒரே வாய்ப்பையும் வித்துட்டோம் என்று அர்த்தம். மார்க் ஷீட்ல அது தெரியாது. "இந்த ப்ராஜெக்ட்ல நீங்க எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்க, ஏன் அப்படி எடுத்தீங்க?" என்று இன்டர்வியூல கேட்டா தெரிஞ்சுடும்.

நாம என்ன செய்யலாம்?

1. செமஸ்டரோட முதல் வாரத்துல ஒவ்வொரு பேப்பரோட சி.ஓ-க்களையும் நோட்டோட முதல் பக்கத்துல எழுதிக்குங்க. வினைச்சொல்லுக்குக் கீழே கோடு போடுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

2. ஒவ்வொரு யூனிட் முடிஞ்சதும் அந்த வினைச்சொல்லைச் செய்து பாருங்க. "வடிவமைத்தல்" என்று இருந்தா, புத்தகத்துல இல்லாத ஒரு ஸ்கீமாவை வடிவமைச்சுப் பாருங்க. வந்தா டிக், வரலைன்னா எங்கே தடுமாறுது என்று ஒரு வரி எழுதி வைங்க. செமஸ்டர் முடிவுல சர்வே வரும்போது அந்த வரிகள்தான் உங்க பதில்.

3. சர்வேயில 5-ம் வேண்டாம், கோபத்துல 1-ம் வேண்டாம். ஒவ்வொரு சி.ஓ-வுக்கும் தனியா யோசிச்சுப் போடுங்க. கமென்ட் பாக்ஸ் இருந்தா "சார் நல்லா நடத்தினாங்க" என்று எழுதாம, "யூனிட் 4-ல லேப் எக்சர்சைஸ் இன்னும் இரண்டு இருந்தா நல்லாருக்கும்" என்று எழுதுங்க. ஆசிரியரைக் குறை சொல்றதுக்கான ஃபார்ம் இல்லை அது, உங்களுக்கு எது வந்தது, எது வரலை என்று சொல்றதுக்கானது.

4. கிளாஸ் கமிட்டி மீட்டிங்கைப் பயன்படுத்துங்க. அண்ணா யுனிவர்சிட்டி ரெகுலேஷன்லயே இருக்கிற ஏற்பாடு இது. வகுப்புக்குப் பாடம் எடுக்கிற ஆசிரியர்கள், மாணவர் பிரதிநிதிகள், அந்த வகுப்புக்குப் பாடம் எடுக்காத ஒரு ஆசிரியர் தலைவராக என்று சேர்ந்து உட்கார்ற கூட்டம். பெரும்பாலும் ரெப்ஸ் போய் "எல்லாம் ஓகே சார்" என்று சொல்லிட்டு டீ குடிச்சுட்டு வந்துடுறாங்க. நீங்க ரெப் ஆக இருந்தா, போறதுக்கு முன்னாடி வாட்ஸ்அப் குரூப்ல ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எந்த சி.ஓ யாருக்கும் வரலை?" அந்தப் பதிலோட போனீங்கன்னா, புகாரா கேட்காது, டிபார்ட்மென்ட் தானே எழுதின வாக்கைப் பற்றின பேச்சா இருக்கும். அதைத் தட்டிக் கழிக்கிறது யாருக்கும் கஷ்டம்.

5. படிச்சு முடிச்சு இரண்டு மூணு வருஷம் கழிச்சு அலம்னை சர்வே என்று ஒரு மெயில் வரும். பி.இ.ஓ-வை அளக்க டிபார்ட்மென்ட்டுக்கு இருக்கிற முக்கியமான வழி அதுதான். வேலைக்குப் போனதும் எதெல்லாம் தெரியாம திணறினோம் என்று அப்போதான் நமக்கே தெரியும். ஸ்பாம் என்று தள்ளிடாம பதில் போடுங்க.

இந்த செமஸ்டர் கோர்ஸ் எண்ட் சர்வே லிங்க், லாஸ்ட் வொர்க்கிங் டேக்கு முந்தின வாரம் வரும். ஒரு பேப்பருக்கு அதிகபட்சம் மூணு நிமிஷம், ஆறு பேப்பருக்குப் பதினெட்டு நிமிஷம். உங்களுக்கு இதனால இந்த வருஷம் எந்தப் பலனும் வராது, உங்க மார்க் மாறாது. ஆனா அடுத்த ஜூலையில அதே பெஞ்ச்ல வந்து உட்காரப் போற ஜூனியருக்கு ஒரு லேப் எக்சர்சைஸாவது கூடுதலா கிடைக்கும். நமக்கு முன்னாடி படிச்சவங்க யாராவது அந்தப் பதினெட்டு நிமிஷத்தைச் செலவழிச்சிருந்தா நமக்கு என்ன கிடைச்சிருக்கும் என்று யோசிச்சுப் பார்த்துட்டு ஃபார்மைத் திறங்க.